பதினான்காம் இலக்கத்து வீடு

இரண்டாம் உலக யுத்தத்தில் திருக்கோணமலைத் துறைமுகத்தை யப்பானியரிடமிருந்து காப்பாற்றியது ஒரேயொரு வரைபடம். இது அந்த ஊர் ஓர்ஸ் ஹில் பகுதியில் வாழ்ந்த இராஜநாயகத்தின் முடிவு. அவரைத் தவிர வேறெவரும் அந்த முடிவுக்கு வந்ததில்லை.

கடற்படைத் தளத்தில் அவர் கிளாக்கராக இருந்த காலத்தில் வெள்ளைக்காரத் துரையொருவர் கொடுத்துவிட்டுப் போன படம் அது. நாற்பது வருடமாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் விறாந்தையில் தொங்கியது. நடுவே அகலமாக வளைந்து போகும் நீலம் உட்துறைமுகம் என்பார். ஊர்ப்பெயர் ஒன்றும் விளங்கவில்லையே என்று பக்கத்து வீட்டுத் தவராசா இழுத்தால், எதிரியை ஏய்க்க வைத்த இரகசியப் பெயர்கள் என்பார். இன்செயின் என்றால் பக்கத்து ஊரான கப்பல்துறை. சிரியம் என்றால் திரியாய். நீலத்தின் கரையில், பதினான்கு என்று இலக்கமிட்ட வசதியான இடத்தில், தன் வீட்டுக்குச் சிவப்பு மையால் புள்ளியும் வைத்திருந்தார்.

எண்பத்தாறில் இராணுவத்தின் சுற்றிவளைப்புகள் தொடங்கின. துறைமுகப் படம் வைத்திருப்பது ஆளை ஏற்றிக்கொண்டு போகப் போதுமான காரணம். படத்தைக் கழற்றும்படி மனைவி கிறிஸ்டின் ஒரு கிழமையாக மன்றாடினாள். சரித்திரத்தைக் கழற்ற ஏலாது என்று அவர் மறுத்துவிட்டார்.

சுற்றிவளைத்த அன்று காலை, ஒழுங்கையின் வீடுகளிலிருந்த ஆண்களையெல்லாம் இராணுவத்தினர் அவருடைய விறாந்தையில்தான் இருத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்த அதிகாரி படத்தின் முன்னால் நின்றார். இது எந்தத் துறைமுகம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாசலில் ட்ரக் உறுமிக்கொண்டிருந்தது.

இராஜநாயகம் தவராசாவைப் பார்த்தார். ட்ரக்கைப் பார்த்தார். ட்ரக் பெரிதாக இருந்தது.

"ரங்கூன், சேர்," என்றார்.

அதிகாரி அத்தாட்சி கேட்டார். இராஜநாயகம் உள்ளே போய், செபப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த கடதாசித் துண்டோடு வந்தார். சட்டம் போட்ட அன்று படத்தின் அடியிலிருந்து அவரே கத்தரித்த துண்டு. 'ரங்கூன் நகரும் சுற்றுப்புறமும்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருந்தது. அதன் கீழே இலக்கங்களுக்கான விளக்கம் பொடி எழுத்தில் நீண்டது. அதை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. அதிகாரி துண்டைச் சட்டத்தின் அடியில் பிடித்துப் பார்த்தார். வெட்டு அச்சொட்டாகப் பொருந்தியது. சிரித்துக்கொண்டே துண்டைத் தவராசாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

"நாப்பது வருசமா ஆத்தைக் காட்டித் துறைமுகம் எண்டிருக்கிறியள், அண்ணை," என்றார் தவராசா.

"பாதுகாப்புக் காரணம்," என்றார் இராஜநாயகம்.

தவராசா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரிவரியாகத் தடவிப் பதினான்காம் இலக்கத்துக்கு வந்தார்.

அது ரங்கூன் நகரத்து மலவாளிகளைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம்.