மடையோரம் நீந்திய செவலை

அன்னவாசலுக்கு மேற்கே உள்ள தாமரைக் கண்மாயில், மடையோரமாக, கரைக்கு இருபதடி தூரத்தில் புவனேஸ்வரியின் செவலைக் காளை பத்தொன்பது நாள் ஓயாமல் நீந்தியது. ஒரு முழம்கூட நகரவில்லை. ஜல்லிக்கட்டுக்கு முன்னால் காளைகளுக்கு நீச்சல் பழக்குவது இந்தப் பக்கம் வழக்கம்தான். மற்றக் காளைகள் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டன. செவலையின் நெஞ்சு கிளப்பிய அலை மட்டும் எதிரே சுவராக எழும்பி அதையே மறித்தது. வடம் கட்டி டிராக்டரால் இழுத்தார்கள், வடம்தான் அறுந்தது. முதல் நாள் ஊரே சிரித்தது. நாலாம் நாள் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் பாட்டில் பால் குடித்து வளர்ந்த கன்று அது. அதன் வாய் முழுகிவிடாமலிருக்க மூக்கணாங்கயிற்றில் நீளக் கயிறு முடிந்து, தண்ணீர்மேல் நீண்ட கரையோர மரக்கிளையில் போட்டு, ஆண்கள் முறைவைத்துத் தூக்கிப் பிடித்தார்கள். பாசத்தில் செய்ததுதான், கெடுத்ததும் அதுதான்.

மாட்டு டாக்டர் ஷர்லி ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தூக்கிப் பிடிக்கிறதாலதான் போக மாட்டேங்குது. மேலாக்க நீந்துனா பாதி பலம் அலை கெளப்பவே போயிருங்க. மீனு, ஆமையெல்லாம் முழுகித்தானே போகுது? ஒரு ஆள் ஆழம் எறங்குனா இதுவும் வந்துரும்."

"எறங்குனா மூச்சுக்கு என்னங்க பண்ணும்?" என்று கேட்டான் புவனேஸ்வரியின் புருஷன் முத்துராஜ். டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார்.

இருபதாம் நாள் காலையில் செவலையின் கால்கள் தளர்ந்தன. கண் கரையில் நின்ற புவனேஸ்வரியையே பார்த்தது. மூக்கணாங்கயிற்றை வாடிவாசலில்தான் அறுப்பார்கள். அவள் அரிவாளோடு தெர்மாகோல் தெப்பத்தில் போய்த் தண்ணீரில் வைத்தே அறுத்தாள். காளை கல்லாக முழுகியது. அலை அடங்கியது. கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள், அழக்கூட வரவில்லை. தெப்பம் கரைக்கு வந்ததும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி நின்றாள். அடியில் ஒரு சூடான நாக்கு அவள் முழங்காலை நக்கியது. இருபதடியையும் அது ஒரே மூச்சில் கடந்திருந்தது. தலையை மட்டும் வெளியே தூக்கவில்லை.

இப்போது மூன்று வருஷமாகிறது. சுற்றுவட்டாரக் கண்மாய்கள் பங்குனியில் வெடித்துக் கிடந்தாலும் இதில் ஒரு காளை முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மடை திறக்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்கள். சாயங்காலம் பருத்திக்கொட்டையைத் தண்ணீருக்குள் கையில் ஏந்தி, "மேல மட்டும் வந்துறாத, தங்கம்" என்பாள். இரண்டு குமிழி வரும். வாளியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.