பத்தொன்பது வயதுக் குழந்தை

உஸ்மாவுக்குப் பத்தொன்பது வயது. கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த தாரிக்கின் மனைவி; ஒன்றரை வயது இல்மாவின் தாய். தொண்ணூற்றைந்து அக்டோபரில், விடாத காய்ச்சலும் ஈறில் ரத்தமுமாகக் கோவை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்தவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதிலும் முரட்டு வகை.

டாக்டர் கோவிந்தராஜுலு அவளைக் குழந்தைகள் வார்டில் சேர்க்கச் சொன்னார். வார்டைக் கட்டியாண்ட கனகம் சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், கல்யாணமாகிக் கைப்பிள்ளையோட இருக்கறவள எப்படிங்க குழந்தைன்னு போடறது?"

"பெரியவங்க மருந்து இவளுக்குப் பத்தாது சிஸ்டர். குழந்தைகளுக்குக் குடுக்கற மொறையிலதான் இந்த வயசுப் பிள்ளைக தேறுவாங்கன்னு எனக்குத் தோணுது. அது உங்க வார்டுலதான் இருக்கு."

கனகம் யோசித்தார். "சரிங்க, குழந்தைன்னே வெச்சுக்கறேன். ஆனா குழந்தைக்கு உண்டான சட்டம் அத்தனையும் இவளுக்கும் உண்டு."

சொன்னபடியே செய்தார். வார்டில் தாய் மட்டுமே தங்கலாம் என்று தாரிக்கை வாசலோடு நிறுத்தினார். உஸ்மாவின் தாய் உயிரோடு இல்லாததால் மாமியார் இஸ்மத்தைத் தாயாக்கினார். கல்யாணமான நாள் முதல் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசாத இஸ்மத், குழந்தை வெளிக்குப் போனதா என்ற கேள்விக்குத் தினமும் காலையில் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டில் உஸ்மாவின் முழங்காலோடு முடிந்துபோனது. பாதங்களை ஸ்டூலில் வைத்து, முயல் படப் போர்வைக்குள் கிடந்தாள். முதுகுத்தண்டில் ஊசி இறங்கும்போதெல்லாம் சிஸ்டர் கிலுகிலுப்பை ஆட்டினார். வலி குறையவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, வாயெல்லாம் புண். புண் ஆறியதும் மாத்திரையின் வேலையால் அகோரப் பசி. கிடைத்ததோ சின்னக் கிண்ணத்தில் குழைந்த பருப்புச் சோறு. இஸ்மத் வீட்டிலிருந்து இடியாப்பமும் கறிக்குழம்பும் முந்தானைக்குள் ஒளித்துவந்து ஊட்டினார். பிடித்துவிட்ட கனகம், அம்மாவே இப்படிச் செல்லம் கொடுத்தால் பிள்ளை உருப்படுமா என்று கடிந்துகொண்டு, குழம்பு சூடாக இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

குழந்தைகள் தினத்தன்று வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கட்டில் கட்டிலாகப் பந்து கொடுத்தபடி வந்தார். மொட்டைத் தலையோடு இருந்தவளிடம் குனிந்து, பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் கண்ணு என்று கேட்டார்.

உஸ்மா அதுவரை அழுததில்லை. "பெரியவளாகணுங்க. அவ்வளவுதான்," என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவர் தடுமாறிப்போய் இரண்டு பந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் எலும்பு மஜ்ஜைச் சோதனையில் நோயின் சுவடே இல்லை என்று முடிவு வந்தது. நோய் விஷயம் எதையும் குழந்தையிடம் சொல்லக்கூடாது என்பது வார்டின் சட்டம். அதனால் கனகம் இஸ்மத்தை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே ஓடிவந்த இஸ்மத், "எம் புள்ளைக்குத் தேறிப்போச்சு" என்று கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போய், உஸ்மாவிடம் வந்ததும் சட்டம் நினைவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்னும் இரண்டு வருஷ ஊசியும் மாத்திரையும் பாக்கியிருந்தன. அவையும் வீட்டிலிருந்து வந்துபோயே ஒழுங்காக முடிந்தன. அந்த முடிவு வந்த கையோடு வீடு திரும்பிய முதல் நாள் மட்டும் இல்மா மொட்டைத் தலையைக் கண்டு வீறிட்டாள். உஸ்மா விடவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அழுகை ஓயும்வரை தெருவில் நடந்தாள்.