கடைசிப் படி

செங்கோடன் பண்ணைக்காரர் பெரியசாமிக்குக் கொடுக்க வேண்டியது நாற்பத்தேழு ரூபாய் ஆறு அணா. அதில் ஒரு காசுகூடக் குடித்தோ சீட்டாடியோ போனதில்லை. எல்லாம் கால் தின்ற கடன். மூன்று வருஷமாகச் சித்திரை பிறந்தால் போதும், கணுக்காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்புக் கங்கை வைத்துக் கட்டிவிட்டது போல எரியும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி நரம்புச் சிலந்தி தலையை நீட்டும். அந்தப் புழுவை ஒரு விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடை என்று வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் கால் சீழ் வைத்துத் தொடை வரைக்கும் வீங்கிவிடும். முழுசாக வந்து முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஊரெல்லாம் ஏர் பூட்டும்போது அவன் கயிற்றுக் கட்டிலில் குச்சியைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். கூலி போகும், பெரியசாமி வீட்டு ராகி கடனாக வரும். ஈடாக அவனுடைய அரை ஏக்கர் மேட்டுக்காட்டை எழுதிக் கட்டைவிரல் ரேகை வைத்திருந்தான். அவனுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்த மண்ணும் மனைவி பொன்னாத்தாளும்தான்.

எரிச்சலுக்கு அவன் கண்ட ஒரே மருந்து ஊருக்கு மேற்கே இருந்த நல்ல தண்ணிக் கிணறு. படிக்கிணறு. பெண்கள் படியிறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, குடத்தை அமுக்கி மொண்டுகொண்டு போவார்கள். ஆளில்லாத மத்தியானத்தில் அவன் நொண்டிக்கொண்டே இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விடுவான். அந்த ஒரு நாழிகை போதும், போன உயிர் திரும்பி வந்துவிடும்.

நாலாவது கோடையில் ராசிபுரத்திலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெலிந்த மனுஷன், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரையும் அதட்டவில்லை. கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். உப்புத் தூள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் துள்ளின.

“இந்தப் பூச்சி வயித்துலதான் சிலந்தியோட குஞ்சு இருக்கு. தண்ணியக் குடிச்சா உள்ள போயிரும். ஒரு வருஷம் உடம்புல வளந்து அடுத்த கோடையில வெளிய வரும்.”

“பூச்சிக்கு அதக் குடுக்கறது ஆருங்க?” என்று செங்கோடன் கேட்டான்.

“புழு வந்த காலுதான். தண்ணி பட்டதும் புண்ணுலேர்ந்து லட்சக்கணக்குல குஞ்சு எறங்கும்.”

செங்கோடன் தன் கணுக்காலில் கட்டியிருந்த குச்சியைப் பார்த்தான். பிறகு தலை நிமிரவே இல்லை. அந்த வருஷம் ஊரில் முப்பத்தொரு பேர் படுத்திருந்தார்கள். பெரியசாமிக்கே முழங்காலில் வந்து அவர் ஏர்களில் பாதி கொட்டகையில் கிடந்தன. வேறு பலரும் தண்ணீரில் கால் வைத்திருக்கலாம். ஆனால் மத்தியானத்துக்கு மத்தியானம் போய் உட்கார்ந்தவன் அவன்தான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. “சொன்னாக் காட்டப் புடுங்கிக்குவாரு” என்றான் பொன்னாத்தாளிடம். “சொல்லாட்டி அந்தக் காட்டுல வெளையறது உனக்கு எறங்குமா?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவன் பெரியசாமியின் கட்டிலருகே போய் நின்றான்.

“அண்ணா, உங்க முழங்கால்ல இருக்கறது என்ற கால்லேர்ந்து வந்த சிலந்தியாத்தான் இருக்கோணுமுங்க” என்று ஆரம்பித்து, கடைசிப் படியில் உட்கார்ந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான்.

பெரியசாமி முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டார். “வாங்குன பணத்தத் திருப்பிக் குடுக்க வக்கில்ல. சிலந்திய மட்டும் தாராளமாக் குடுத்திருக்கிற” என்றார். பிறகு, “இன்ஸ்பெட்டரு சொல்றது நெசமாடா?”

“போன வருசம் குடிச்சவங்களுக்கு இப்ப வந்திருக்குது. இந்த வருசம் குடிச்சவங்களுக்கு அடுத்த சித்திரையில வருமாமுங்க. இனிக் கெணத்துல கால் படாம இருந்தா, அதுக்கடுத்த சித்திரையில ஒருத்தருக்கும் வராதாமுங்க.”

“ரெண்டு சித்திரை பாக்கறன். ரெண்டாவதுல ஒருத்தருக்கு வந்தாலும் காடு எனக்கு. போ.”

கிணற்றின் குறுக்கே இரண்டு பனங்கட்டைகளைப் போட்டு உருளை மாட்டினார்கள். படிக்கட்டின் வாயில் கருவேல முள் அடைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பலகையில் தாரால் ‘படியில் இறங்காதே’ என்று எழுதி வேம்பில் அறைந்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோகும் தண்ணீரை இரண்டாக மடித்த துணியில் வடிகட்டச் சொன்னார். பொன்னாத்தாள் தன் பழைய சேலையைக் கிழித்து வீடு வீடாகக் கொடுத்தாள். ஆனால் கயிறு இழுத்தால் கை காந்துகிறது, படியில் இறங்கினால் நொடியில் வேலை முடிகிறது. மறுநாளே யாரோ முள்ளை ஒதுக்கியிருந்தார்கள். அதனால் செங்கோடன் மேல்படியில் போய் உட்கார்ந்தான். விடியலில் இரண்டு நாழிகை, பொழுது சாயும்போது இரண்டு நாழிகை. இடையில் கால் இடம்கொடுத்த அளவுக்குக் கூலி வேலை. வெயிலுக்கும் மழைக்கும் அதே இடம். இரண்டு வருஷம். அதற்கு யாரும் அவனுக்கு ஒரு தம்பிடி தரவில்லை. சும்மா உட்கார்ந்த நேரத்தில் பலகையிலிருந்த எழுத்துகளையும், பிறகு மற்ற எழுத்துகளையும், அவ்வப்போது வந்துபோன இன்ஸ்பெக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மண்ணில் எழுதிப் பழகினான். நாற்பது வயசில் விரல் அவ்வளவு லேசாக வளைந்து கொடுக்காது.

“நொண்டிக்கு ராச உத்தியோகம் கெடச்சிருச்சாக்கும்” என்று குடத்தை இடுக்கிக்கொண்டு காளியாத்தாள் கேலி செய்வாள். “கெணத்துக்குத் தாசில்தாரு!”

“தாசில்தாரு சொல்றன், கயித்தப் புடி அக்கா” என்று கயிற்றை நீட்டுவான். கை காந்துகிறவர்களுக்குத் தானே இழுத்தும் கொடுத்தான்.

முதல் சித்திரையில் பதினொரு பேருக்குப் புழு வந்தது. ஊர் சிரித்தது. முன்னமே குடித்தவர்களுக்குத்தான் என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பதினொரு பேரில் காளியாத்தாளும் ஒருத்தி. ஒருநாள் உச்சி வெயிலில் அவள் தடியூன்றிக்கொண்டு கிணற்றுக்கு வந்தாள். அவனுக்கு அப்போது அங்கே காவலில்லை. பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவன் அவள் நடையைப் பார்த்ததுமே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“எரியுதுடா தம்பி. ஒரே ஒருக்காக் கால வெச்சுக்கறன். ஆரும் பாக்கல” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்த எரிச்சலை அவனைவிட அறிந்தவன் அந்த ஊரில் இல்லை. “எனக்குத் தெரியுமக்கா, கொல்லுது” என்றான். அவள் கையைப் பிடித்துக் கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி ஒரு கல்லில் உட்கார வைத்தான். குடம் குடமாக இழுத்து வந்து காலில் ஊற்றினான். ஏழு குடம். ஆறாவது குடத்தில் அவள் பெருமூச்சு விட்டாள். ஆடி வரைக்கும் தினமும் மத்தியானம் அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் யாரையும் படியில் இறங்க விட்டதில்லை. அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கயிற்றைத் தொட்டார்கள்.

இரண்டாவது சித்திரை வந்தது. செங்கோடன் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் தன் காலைத் தடவிப் பார்த்தான், பிறகு பொன்னாத்தாளுடையதை. வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. வீடு வீடாக விசாரித்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர் “ஒருத்தருக்கும் இல்லப்பா” என்று அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆடி இரண்டாம் நாள் சாயங்காலம் பெரியசாமி கிணற்றுக்கு நடந்தே வந்தார்.

“நாலஞ்சு வருசத்துல இந்த ஆடிதான் என்ற ஏரு அத்தனையும் காட்டுல நிக்குது” என்றார். மடியிலிருந்து பத்திரத்தை எடுத்தார். “சிலந்தியத் திருப்பி வாங்கிட்ட. கடன மட்டும் நான் வெச்சுட்டு என்ன பண்றதுடா? இந்தா.”

அவர் போன பிறகு செங்கோடன் தாளைப் பிரித்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டினான். செ, ங், கோ, ட, ன். தன் பெயரைத் தாளில் அவன் முதன்முதலாகப் படித்தது அன்றைக்குத்தான். அதன் கீழே மங்கிய நீலத்தில் அவன் கட்டைவிரல். அதை நாலாகக் கிழித்தான், எட்டாகக் கிழித்தான். பனங்கட்டையில் சாய்ந்துகொண்டு, கையைக் கிணற்றுக்கு மேலே நீட்டினான்.

கை அப்படியே நின்றது. பிறகு தானாகவே பின்னுக்கு வந்தது. துண்டுகளை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். கீழே, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த கடைசிப் படியில், பச்சைப் பாசி ஒரு கால் தடமும் இல்லாமல் மெத்தை மாதிரி விரிந்து கிடந்தது.