மூன்றாம் நம்பர் போர்ட்

என் மருமகன் ராஜ்குமார் சேலத்திலிருந்து வாங்கி வந்த கம்ப்யூட்டரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டுமென்றால், அது வந்த அட்டைப்பெட்டி உறுதியானது. ஏதோ டிவி வந்த பெட்டி அது. உள்ளே இருந்தது அசெம்பிள்டு. போர்டு ஒருவன் செய்தது, பவர் சப்ளை இன்னொருவன் செய்தது, கேபினட்டை யார் செய்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். செல்வராஜ் என்ற கடைக்காரன் இதையெல்லாம் ஒன்றாகத் திணித்து, ஸ்க்ரூ முடுக்கி, முன்பக்கம் நீல விளக்கு எரியும்படி செய்து கொடுத்திருந்தான். அந்த விளக்கைப் பார்த்துத்தான் ராஜ்குமார் மயங்கியிருக்க வேண்டும். என் மகள் அபிஷா இவனைப் பார்த்து மயங்கியதும் ஏறக்குறைய அப்படித்தான்.

என் பெயர் தேவசிகாமணி. காபி எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மஞ்சக்குட்டையில் சொந்த வீடு. அதன் முன்னறையில் அபிஷா எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரில் வரைந்த பூவையோ சிலுவையையோ அதுவே துணியில் தைத்துவிடும். பழைய மெஷின், கைமாறி வந்தது. பென் டிரைவெல்லாம் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒன்பது ஊசி வைத்த சீரியல் வயர் வழியாக வரும் டிசைனைத்தான் வாங்கிக்கொள்ளும். எஸ்டேட் ஏலத்தில் நான் எடுத்துக் கொடுத்த கம்பெனி கம்ப்யூட்டர், முழுக்க ஒரே கம்பெனி செய்தது, இத்தனை வருஷம் அதற்குச் சோறு போட்டது. ஐப்பசி மழையில் இடி இறங்கி அது செத்துப்போனது. அதன் இடத்துக்குத்தான் இந்த நீல விளக்கு வந்தது.

வந்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. புதுப் பெட்டியின் பின்னால் ஒன்பது ஊசி வயரைச் செருக இடமே இல்லை. ராஜ்குமார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தால் முளைத்துவிடுமா? ஏரிக்கரை ஹோட்டலில் ரிசப்ஷனில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துச் சாவி கொடுக்கிற வேலை அவனுக்கு. சாவியைத் தாண்டி எதையும் கையாண்டதில்லை. செல்வராஜுக்குப் போன் செய்தான். அதற்கென்று தனியாக ஒரு கார்டு இருக்கிறது, போர்டில் செருகினால் பின்னால் அந்த இடம் வந்துவிடும் என்றானாம் அவன். மறுநாள் ராஜ்குமார் மலையிலிருந்து பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிப் போய், பெயரே இல்லாத ஒரு சீனாக் கார்டை வாங்கி வந்தான்.

கார்டு செருகியாயிற்று. கம்ப்யூட்டரும் அதைக் கண்டுகொண்டது. ஆனால் டிசைனை அனுப்பினால் எம்பிராய்டரி மெஷின் ஊசியைக்கூட அசைக்கவில்லை. அபிஷா வயரை மாற்றிப் பார்த்தாள். இவன் ரீஸ்டார்ட் செய்தான். மறுபடி ரீஸ்டார்ட் செய்தான். உலகத்தில் எந்தக் கோளாறுக்கும் இவனிடம் உள்ள மருந்து அது ஒன்றுதான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காரணம் தெரியும். ஒளித்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் இந்த மாதிரி போர்ட்டுகளுக்கு காம் ஒன்று, காம் இரண்டு என்று நம்பர் வைக்கும். புதிதாக ஒரு கார்டைச் செருகினால் பெரும்பாலும் மூன்றாம் நம்பரைக் கொடுத்துவிடும். எம்பிராய்டரி புரோகிராமோ அரதப்பழசு. ஒன்றையும் இரண்டையும் தவிர வேறு நம்பர் இருப்பதே அதற்குத் தெரியாது. டிசைனை ஒன்றாம் நம்பருக்கு அனுப்பிவிட்டு அது பாட்டுக்குக் காத்திருக்கும். கார்டு மூன்றாம் நம்பரில் சும்மா உட்கார்ந்திருக்கும். செட்டிங்கில் போய் மூன்றை ஒன்றாக மாற்றினால் போதும், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. எஸ்டேட்டில் காபிப் பழம் எடை போடும் எலக்ட்ரானிக் தராசுக்கு இதே தொல்லை வந்து, நான்தான் சரி செய்தேன். அந்தத் தராசோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரும் அசெம்பிள்டுதான் என்பதை மட்டும் வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை.

ஆனால் கேட்காமல் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. ஸ்டோரில் எனக்கு ஒரு ஜன்னல் இருந்தது. கவாத்துக் கத்தியோ மழைக்கோட்டோ வேண்டும் என்றால் லைன் வீடுகளில் குடியிருந்த கூலியாட்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் நான் தலை நிமிர மாட்டேன். இரண்டாம் தடவை, 'ஏனுங்க சார்' என்று கொஞ்சம் குனிந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். அப்படிக் கேட்டு வாங்கினவன்தான் கத்தியைத் தொலைக்காமல் வைத்திருப்பான். ராஜ்குமாரின் அப்பா மாதேஸ்வரன் அந்த ஜன்னலில் நின்று தலை நரைத்தவர். அவர் மகன் என் மகளை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு, மெஷினை நகர்த்த முடியாது என்ற சாக்கில் என் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்குகிறான். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அபிஷாவிடம் சொல்லி அனுப்புவான். ஒரே ஒரு தடவை நேரில் வந்து, 'மாமா, இது எனக்குப் புரியலீங்க' என்று சொல்லட்டும். அடுத்த நிமிஷம் சொல்லிவிடுவேன். இதில் என்ன தப்பு?

அவன் வரவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கார்டு வாங்கி வந்தான். அதுவும் மூன்றாம் நம்பரிலேயே போய் உட்கார்ந்தது. செல்வராஜ், போர்டுக்கும் கார்டுக்கும் சேரவில்லை போலிருக்கிறது, போர்டை மாற்றிப் பார்க்கலாம் என்றானாம். விற்றவனுக்கே விற்ற சரக்கு என்னவென்று தெரியாத காலம் இது. இதற்குள் அபிஷாவுக்குக் கண்ணில் தூக்கமில்லை. சர்ச் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஆல்டர் மேஜையில் விரிக்கும் துணியும் பாடகர் குழுவின் அங்கிகளும் அவளிடம் வந்திருந்தன. அவள் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. இதை நன்றாகச் செய்தால் மற்ற சபைகளிலிருந்தும் வேலை வரும் என்று கனவு கண்டுகொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அப்பா, உங்க ஆபீஸ்லயும் தராசுக்கு இந்த மாதிரி வயர்தானுங்க போட்டிருந்தாங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்குப் பின்னால், வாசலில், அவன் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெண்டாட்டியை அனுப்பிவிட்டு ஷூ துடைக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கம்பெனி மெஷினா இருந்தாச் சொல்லுவேன் கண்ணு. இந்தக் கதம்பத்தைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அசெம்பிள்டுக்கு இந்தக் கார்டெல்லாம் சேராது."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே சபையிலிருந்து அற்புதம் வந்தார். பெண்கள் சங்கத்துத் தலைவி. வருத்தப்படுவதற்கென்றே ஒரு முகம் வைத்திருப்பார், அதைப் போட்டுக்கொண்டு வந்தார். பண்டிகை நெருங்கிவிட்டது, துணியைச் சேலத்தில் ஒரு கடையில் கொடுத்துவிடுவதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது, தப்பாக நினைக்கக் கூடாது என்றார். அபிஷா வெள்ளைத் துணியை ஓரம் பிசகாமல் மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவள் மடிப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, இப்போதாவது அவன் இறங்கி வருவான் என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்திருந்தான். ரசம் கேட்டான், அதுவும் அபிஷாவிடம்.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு பழைய துண்டில் ரோஜாப்பூ ஒன்று இதழ் இதழாக விழுந்துகொண்டிருந்தது. அசெம்பிள்டு, நீல விளக்கும் அதுவுமாக, கம்பெனி கம்ப்யூட்டர் மாதிரியே வேலை செய்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். யார் சொல்லிக் கொடுத்தது என்றுதான் கேட்டேன்.

அபிஷா மெஷினை நிறுத்தினாள். எஸ்டேட் ஆபீசில் இப்போது தராசைப் பார்த்துக்கொள்கிற சசிரேகாவுக்குப் போன் செய்தாளாம். சசிரேகா என்னிடம் வேலை பழகிய பெண்.

"நம்பரை ஒண்ணா மாத்தச் சொன்னாங்க. உடனே ஓடிருச்சுங்க. 'இத உங்கப்பாதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு, ஊட்டுலயே அவர வெச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்கறயே கண்ணு'ன்னு சிரிச்சாங்க." நூலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தத் தராசுக் கம்ப்யூட்டரும் அசெம்பிள்டுதானாமுங்க."

நான் மறுக்கவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற சாதாரண ஆள் இல்லை நான்.

"உன் ஊட்டுக்காரன் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"நான் கேட்டனுங்களே, அப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் ஏதோ கணக்கைச் சரிபார்ப்பதுபோல் சொன்னாள். ஜன்னலில் நின்ற எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான், அன்று என் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்தபோது வாசலில் ஜீப் நின்றது. வெள்ளக்கடையில், மாதேஸ்வரன் வீட்டுக்குப் பக்கத்தில் இருவரும் குடிபோக ஓர் அறை பார்த்திருக்கிறார்களாம். தகரக் கூரை, நிச்சயம் ஒழுகும். நகர்த்தவே முடியாது என்று சொன்ன மெஷினை நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள், தூக்க முடிந்தது. அந்த நாலு பேருக்கும் தூக்கத் தெரியவில்லை, ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே. அபிஷா அந்தக் கம்ப்யூட்டரைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் ஜீப்பின் முன் சீட்டில் வைத்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

அப்போது ராஜ்குமார் என்னிடம் வந்தான். நேராக என்னிடம். அபிஷாவை அனுப்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றான். என்னையறியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், மெஷினை இறக்கச் சொல்லிவிடலாம்.

"ஏனுங்க மாமா," என்றான், நொம்ப மரியாதையாக. "ஒத்தக் கதவு பத்தலீங்க. அந்தப் பக்கத்துக் கதவையும் கொஞ்சம் திறந்து விடுங்க. மெஷின் வெளிய போகணும்."

இரட்டைக் கதவில் அந்தப் பாதியை நாங்கள் திறப்பதே இல்லை. மேல் தாழ்ப்பாள் உடனே வந்துவிட்டது. கீழே இருந்தது துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. நாலு பேரும் மெஷினைச் சுமந்துகொண்டு நின்றார்கள். நான் அவன் காலடியில் குனிந்து, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்துவிட்டேன்.