கழுகுக் கூட்டுக்குப் போன நூல்

புருஷனுக்காக இருந்த இத்தா முடிந்த பத்தாம் நாள் லைலா கடலோரக் களப்புக்குப் போனாள். கூட்டிக்கொண்டு போனவள், புருஷனைக் காக்கா என்றழைத்த அவரின் தங்கை றுஸ்தா.

"மெல்ல நடங்க மதினி. நாலு மாசம் பத்து நாள் ஊட்டுக்குள்ள இரிந்த கால். சேறு இழுத்திரும்."

"நீ பேசாம வா புள்ள. எனக்கு அந்தக் கூட்டக் காணணும்."

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. புருஷன் பக்கீர் முகைதீன் மௌத்தாகி அடக்கமான பிறகு, இத்தாவில் இருந்துகொண்டே பின்னறைத் தறியில் நெய்தாள் லைலா. முதல் மாதத்தில் ஒருநாள் றுஸ்தா ஒரு புதினச் சேதியோடு வந்தாள். களப்புக் கரைச் சரணாலயத்து மருத மரத்தில் கடற்கழுகுச் சோடி ஒன்று கூடு கட்டுகிறதாம். செடியில் சிக்கிக் கிடந்த கழிவு நூலைக் கூட அள்ளிக்கொண்டு போகிறதாம்.

"மெய்யா?"

"அல்லாட காவல், கண்ணால கண்டன் மதினி. குஞ்சுக்கு மெத்த போடுது."

வாயில்லாச் சீவனுக்குத் தண்ணி வைத்தாலே நன்மை என்றால், வீடு கட்ட நூல் கொடுத்தால் எவ்வளவு நன்மை. அது மௌத்தாய்ப் போனவருக்கும் போய்ச் சேரும் அல்லவா? லைலாவுக்கு அப்படித்தான் தோன்றியது. வாசல் தாண்ட முடியாதவள், தறியில் வெட்டி மிஞ்சிய பாவு நூலைக் கிழமைக்கொரு கொத்தாய் றுஸ்தாவிடம் கொடுத்தனுப்பினாள்.

"உன்ட காக்காட பேருல களப்புக்கரைக் கண்டல் செடியில கட்டி உடு. நல்லா இறுக்கிக் கட்டு, காத்துக்குப் போயிரும்."

நூலின் நிறம் கத்தரிப்பூ. முகைதீன் கடைசியாகத் தன் கையால் சாயம் போட்ட நூல். மருதமுனையில் வேறு எந்தத் தறியிலும் அந்த நிறம் ஓடாது.

களப்புக் கரையில் விஞ்ஞான வாத்தியார் நிப்றாஸ் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி வைத்திருந்தான். சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான்.

"வாங்க மாமி. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க. கையால புடிக்காதீங்க, ஆடிரும்."

பார்த்தாள். வெள்ளை நெஞ்சும் சாம்பல் முதுகுமாய்த் தாய்க்கழுகு மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மண்ணிறக் குஞ்சு, சேவலை விடப் பெரிதாக.

"பொரிச்சு அறுவத்தஞ்சு நாள். இந்தக் கிழமைக்குள்ள பறந்திரும்," என்றான் நிப்றாஸ். "கத்தரிப்பூ நிறத்தில ஒண்டு தெரியுதா? எங்கயோ நூல் பொறுக்கி வந்து, மாப்பிள்ள வாற ஊடு மாதிரிச் சோடிச்சி வெச்சிரிக்கி."

நின்றவர்கள் சிரித்தார்கள். 'அது நம்மட நூல்தான் தம்பி' என்று சொல்ல லைலா வாயைத் திறந்தாள்.

அப்போது குஞ்சு சிறகை விரித்து ஒரு சாண் எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே விழுந்தது.

"பழகுது மாமி. என்னவோ, கொஞ்சம் பிந்துது."

பழகவில்லை. தளர்ந்து கிடக்கும் இழையையும் விறைத்து நிற்கும் இழையையும் நெய்கிறவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குஞ்சின் வலது காலிலிருந்து கூட்டுக்குப் போன அந்த ஒற்றைக் கோடு விறைத்து நின்றது.

பெருமைக்குத் திறந்த வாய் பாவத்துக்கு மூடிக்கொண்டது. றுஸ்தாவை ஒரு பக்கமாய் இழுத்தாள்.

"கால்ல நூல் இறுகிக் கிடக்கு புள்ள."

"கதைக்காதீங்க மதினி. இது சரணாலயம். கட்டினவள் நான். என்னத்தான் புடிப்பாங்க. தானா அவுந்திரும்."

"நெசவு நூல் என்னைக்குத் தானா அவுந்த?"

கேட்டாளே தவிர, நிப்றாஸிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். றுஸ்தாவுக்குப் பயந்து என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. இத்தனை நாளாய்ப் புருஷனின் கணக்கில் சேர்த்தது நன்மை இல்லை என்று தன் வாயாலேயே சொல்வதுதான் முடியாமல் இருந்தது. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியில் சாகவிட்டவள் நரகத்துக்குப் போன கதையைத் தன் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள். அவளாவது வேண்டுமென்று கட்டினவள். நான் அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்லி அல்லவா கொடுத்தனுப்பினேன். அன்று தறிப்பலகையில் கால் வைக்கவில்லை.

மறுநாள் விடியலில் சுபஹ் தொழுத கையோடு தனியாக நிப்றாஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள். முழுவதையும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை.

"கால்ல கிடக்கிறத எப்ப கண்டீங்க மாமி?"

"நேத்து. நீங்க பக்கத்தில நிண்ட நேரம்."

அவன் உடனே சேர்ட்டை மாட்டினான்.

அவர்கள் போனபோது குஞ்சு கூட்டுக்கு வெளியே தலைகீழாய்த் தொங்கியது. பறக்கப் பாய்ந்திருக்கிறது. தாயும் தகப்பனும் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. நிப்றாஸ் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போன் பண்ணினான். "அவங்க வர மத்தியானமாகும். ஏறச் சொல்லிட்டாங்க," என்று தேங்காய் பறிக்கிற றிம்சானை அழைத்தான். றிம்சான் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு ஏறி, முதுகில் இரண்டு கீறலோடு குஞ்சைச் சாக்கில் இறக்கினான்.

"கத்திரிக்கோல் போகாது சேர். சதைக்குள்ள இறங்கிட்டு."

"தள்ளுங்க," என்றாள் லைலா.

குஞ்சின் தலையைத் தன் முந்தானையால் மூடினாள். அறுந்த இழையை நாள் முழுக்க முடிகிற விரல்கள் அவளுடையவை. இழையின் நுனியைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு சுற்றாய் எடுத்தாள். ஏழு சுற்று. கடைசிச் சுற்றோடு இரத்தம் வந்தது. சாயம் மட்டும் கொஞ்சமும் போகவில்லை.

றிம்சான் மறுபடி ஏறிக் குஞ்சைக் கூட்டில் விட்டான். அது ஒற்றைக் காலில் நின்றது. மற்றக் காலின் நகங்கள் மடங்கவில்லை.

"பொழைக்குமா தம்பி?"

"தெரியா மாமி. காலாலதான் மீன் புடிக்கணும். ஒரு காலால பழகிட்டா பொழைக்கும். இன்னும் ரெண்டு மாசம் தாயும் தகப்பனும் இரை தீத்தும்."

"நான் வந்து பாக்கலாமா?"

"வாங்க. கையில ஒண்டும் கொண்டு வராதீங்க."

அவன் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

றுஸ்தா தேடிக்கொண்டு வந்தபோது லைலா முழங்கால் சேற்றில் நின்று கண்டல் செடிகளில் நூல் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தின இடத்தில கட்டினாய்?"

"எண்ணல்ல மதினி. நீங்கதான் இறுக்கிக் கட்டச் சொன்ன."

"நான்தான் சொன்ன." அடுத்த செடிக்குப் போனவள் நின்றாள். "இது பச்சை. நம்மட இல்லையே. அங்கால மஞ்சளும் கிடக்கு."

றுஸ்தா காலடிச் சேற்றைப் பார்த்தாள்.

"தறி போடுற பஸ்மினாட ஊட்டில சொன்னன். லைலா மதினி முகைதீன் காக்காட பேருல சதக்கா, தருமம் செய்யிற எண்டு. மறுகா எல்லாரும் அவங்கட மௌத்தானவங்களுக்கு எண்டு கட்டத் தொடங்கிட்டாங்க."

லைலா கையிலிருந்த நூலைச் சுருட்டி மடியில் செருகினாள்.

"வா."

"எங்க மதினி?"

"பஸ்மினாட ஊட்டுக்கு. பொறகு மத்த ஊடுகளுக்கு."

"என்னெண்டு சொல்லப் போறீங்க? காக்காட பேரு கெட்டுப் போகும்."

"காக்காட பேருல இல்ல. என்ட பேருல சொல்லுவன்," என்று சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினாள் லைலா.