ஓட்டையில்லாத முட்டைக்கோஸ்

யுன்-சோலின் முட்டைக்கோஸில் ஓர் ஓட்டைகூட இல்லை. அதுதான் குற்றம்.

சியோலில் அடுக்குமாடிகளுக்கு நடுவே, ஓடையோரம் நூற்றிருபது பாத்திகள். வசந்தத்தில் குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள். பூச்சிமருந்து அடித்தால் பாத்தி பறிபோகும். அப்புறம் குலுக்கலில் பெயரே சேராது. அதனால் அங்கே இலையில் ஓட்டை இருந்தால்தான் ஆள் யோக்கியம்.

நான்காவது குலுக்கலில்தான் அவளுக்குப் பாத்தி விழுந்தது. பருவத்துக்கு ஒன்றாகப் புதிது புதிதாகச் செய்து பார்த்தாள். வசந்தத்தில் போட்ட கொண்டைக்கடலை மழையில் அழுகியது. கோடையில் வெண்டை அவள் தலைக்கு மேல் வளர்ந்தது. கொழகொழப்பைக் கண்டு யாரும் ஓசியில்கூட வாங்கவில்லை. இலையுதிர் காலத்தில் எல்லோரையும் போலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நட்டாள். ஆனால் பாத்தியைச் சுற்றி முள்ளங்கியை வேலி மாதிரி நெருக்கி விதைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் தோட்டத் தலைவர் மா வந்தார். கூடவே புகார் கொடுத்த பக்கத்துப் பாத்திக்காரர் குவாக்.

"ஏம்மா, எங்க கோஸெல்லாம் சல்லடையா கெடக்கு. உன்னது மட்டும் கடை விளம்பரம் மாதிரி இருக்கு. என்ன அடிச்ச?" என்றார் குவாக்.

"தண்ணி."

"தண்ணிக்குப் பூச்சி சாகுமா?"

"செத்துச்சுன்னு யாரு சொன்னா?"

மா சங்கடமாகத் தொண்டையைச் செருமினார். "நம்ம தோட்டத்துப் போன் குழுவில இந்த ஐயா போட்டோவோட போட்டுட்டாரும்மா. எல்லாரும் கேக்குறாங்க. ஆதாரம் இல்லேன்னா பாத்திய விட்டுத்தான் ஆகணும்."

யுன்-சோலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியிலும் இதே கதைதான். லாரி ஓட்டுகிறவர் மகள் முதல் மதிப்பெண் வாங்கினால், யாரைப் பார்த்து எழுதினாய் என்பார்கள். அன்று அழுதாள். இன்று அழுகிற உத்தேசம் இல்லை.

"ஐயா, கையக் கொஞ்சம் நீட்டுங்க."

குவாக் நீட்டினார். அவள் முள்ளங்கி இலையைப் பிடித்து உலுக்கினாள். கடுகளவு கறுப்பு வண்டுகள் பொலபொலவென்று துள்ளி அவர் கைமேல், சட்டைமேல், காலருக்குள் விழுந்தன. மனிதர் குதித்தார்.

"மருந்தடிச்ச பாத்தியில இதுங்க இப்படி ஆடுமா? கோஸ் நடுறதுக்கு முன்னாடியே முள்ளங்கி போட்டுட்டேன். இதுங்களுக்கு அதுதான் உசுரு. வாசல்லயே பந்தி போட்டா உள்ள எதுக்கு வரப்போகுது?"

மா குனிந்து பார்த்தார். முள்ளங்கி இலைகளில் ஓட்டைக்கு நடுவே கொஞ்சம் இலை இருந்தது. "சரி, புழு?"

அவள் பையிலிருந்து ஒரு ஜோடி மரக்குச்சிகளை எடுத்துக் காட்டினாள். சாப்பிடுகிற குச்சிதான், நுனி பச்சையாகியிருந்தது. "தெனம் அஞ்சரை மணிக்கு வந்து பொறுக்குறேன். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி."

மா புகார்த் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "உன் பாத்தி உனக்குத்தாம்மா."

குவாக் காலரை உதறியபடியே கேட்டார்: "எத்தன நாள் முன்னாடி வெதைக்கணும்?"

"சொல்றேன். மொதல்ல குழுவில போட்டதுக்கு குழுவிலயே பதில் போடுங்க."

"இப்பவேவா?"

"இப்பவே. நான் மருந்தடிக்கலன்னு. என் பேரப் போட்டு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். ரொம்ப நேரம் பிடித்தது. அவள் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள்.

பாத்திக்குப் பாத்தி போன்கள் கிணுகிணுத்தன. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பியது.

"பதினாலு நாள்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.