கதவுக்கு எவ்வளவு உயரம்

கதவுக் கம்பெனியிலிருந்து பேசிய பெண் கேட்டது ஒரே ஓர் எண்தான்: கதவு எவ்வளவு உயரம்? போனைப் பிடித்திருந்த இவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

கையில் அளவு நாடா இருந்தது. எதிரே குளியலறை வாசல் இருந்தது. வாசலுக்கு மேலே குறுக்குக் கான்கிரீட் சட்டமான லிண்டல், கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கீழேதான் தரை இல்லை. பழைய தரையைப் பெயர்த்தெடுத்த பிறகு உள்ளே வெறும் பள்ளம். கதவின் உயரம் என்பது தரைக்கும் லிண்டலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. தரையே இல்லாத இடத்தில் நாடாவின் கீழ்முனையை எங்கே வைப்பது?

"டைல்ஸ் ஒட்டிட்டா உயரம் தானா வந்துடும்மா," என்றார் கொத்தனார்.

"டைல்ஸ் அடுத்த வாரம்தான் வரும். அதுக்கப்புறம் சொன்னா, கதவு வர இன்னும் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துடுவாரே!"

தப்பு அவளுடையதுதான். எந்தச் சாமான் முதலில் வேலைக்கு வேண்டுமோ அதை முதலில் சொல்லி வைத்தாள். சிமெண்ட், மணல், குழாய் எல்லாம் வந்து கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. கதவைக் கடைசியில் மாட்டுவதால் கடைசியில் விட்டுவிட்டாள். ஆனால் மணல் ஒரு போன் போட்டால் வந்து இறங்கிவிடும். கதவு எந்தக் கடையிலும் தயாராக நிற்பதில்லை. அளவு சொன்ன பிறகுதான் அறுக்கவே தொடங்குவார்கள். எது வர அதிக நாள் பிடிக்குமோ, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இது புத்தியில் ஏறியபோது வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது.

கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவன். லாரி கவிழ்ந்ததிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

"என்ன இன்ஜினியரம்மா, மாளிகை வேலை எப்படி?"

"நடக்குது."

"பரவாயில்லையே! என்னால முடியாததை வீடாவது செய்யுது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கதவு மட்டும் கொஞ்சம் தாமதமாகும்போல. அதுவரைக்கும் ஒரு திரை கட்டிட்டு..."

அவன் வேறு குரலில் குறுக்கிட்டான்: "ரெண்டு மாசமா திரைக்குப் பின்னாலதான்டி கிடக்கேன். போறவன் வர்றவன் எல்லாம் விலக்கிப் பார்க்கிறான். கதவு இல்லேன்னா நான் அந்த மறுவாழ்வு இல்லத்துக்கே போயிடறேன். ஒரு கட்டில் காலியா இருக்காம். நாளைக்குப் பதில் சொல்லணும்."

வைத்துவிட்டான். அவன் பிடித்தால் பிடித்ததுதான். அங்கே போய்விட்டால் பிறகு தானாகத் திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"உத்தேசமா ஒரு அளவு சொல்லிடுங்க," என்றார் கொத்தனார். "பின்னால சீவிக்கலாம்."

கம்பெனிப் பெண்ணிடம் அதையும் கேட்டுப் பார்த்தாள். "ஐயோ அக்கா, இது மரம் இல்ல. பிளாஸ்டிக், உள்ள கூடு. சீவினா தண்ணி ஏறிடும். சாயங்காலத்துக்குள்ள அளவு வரலேன்னா உங்க முறை தள்ளிப் போயிடும்."

கலவை இவ்வளவு, டைல்ஸ் இவ்வளவு என்று விரல்களை மடக்கிக் கூட்டினாள். "கலவை மூணு விரலும் வரும், நாலு விரலும் வரும்," என்றார் கொத்தனார். "டைல்ஸ் கனம் தெரியாம நான் என்னத்தைச் சொல்ல?" அவள் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொத்தனார் கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினார்.

சற்றுப் பொறுத்து, "அந்த வண்டியை நகர்த்துங்கம்மா, சாந்து தெறிக்கும்," என்றார்.

முன்கூட்டியே வாங்கி வைத்த சக்கர நாற்காலி அது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தள்ளியவள் திசை மாறிக் குளியலறைப் பக்கம் தள்ளிவிட்டாள். முன்சக்கரங்கள் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கின. சட்டென்று இழுத்துப் பிடித்தாள். பிடித்தபடியே அந்தச் சக்கரங்களைப் பார்த்தாள்.

"இது தடுக்காம உள்ள போகணும்னா?"

"படி கூடாது. வெளியில நடைவழித் தரை என்ன மட்டமோ, வாசல்ல உள்தரையும் அதே மட்டம். அதுக்குத்தானே ஆழமா வெட்டி வச்சிருக்கேன்."

"டைல்ஸ் கனமா வந்தா?"

"கலவையைக் குறைப்பேன்."

"மெல்லிசா வந்தா?"

"கூட்டுவேன்."

"அப்ப எந்த டைல்ஸ் வந்தாலும் தரை இங்கதானே வந்து நிக்கும்?"

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆமாம்மா. நான் எப்பவும் உள்ளேயிருந்தே அளந்து பழக்கம். குளியலறைன்னா ஒரு படி தாழ்வாத்தானே இருக்கும்..."

அவள் நாடாவின் முனையைப் பள்ளத்தில் வைக்கவில்லை. வாசலை ஒட்டி நடைவழித் தரையில் வைத்தாள். கொத்தனார் மட்டப்பலகையை வாசலின் குறுக்கே பிடிக்க, இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் லிண்டல் வரை அளந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அதில் கதவு உரசாமல் நகர மேலும் கீழும் விட வேண்டிய இடைவெளியைக் கழித்து, எண்ணைக் கம்பெனிக்குச் சொன்னாள். கதவு இன்றே மெஷினில் ஏறும்; அவன் வீட்டுக்கு வருவதற்குள் வந்துவிடும். டைல்ஸ் வரும்போது வரட்டும். அதன் கனத்துக்கு ஏற்பக் கலவையைக் கூட்டியோ குறைத்தோ, வாசலில் நடைவழித் தரைக்குச் சமமாக ஒட்டி, அங்கிருந்து உள்பக்கமாகத் தண்ணீர் வடியும் குழிக்குச் சரிவு கொடுத்தால் போதும்.